தென்னை சாய்ந்தால் வங்கிக்கு என்ன நஷ்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவநிலை மாற்றத்தால் வரக்கூடிய நிதி ஆபத்துகளை வங்கிகள் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற செய்திகள் வணிகப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் வரைவு விதிகளை வெளியிட்டு, நிர்வாகம், உத்தி, ஆபத்து மேலாண்மை, அளவீடுகளும் இலக்குகளும் என்ற நான்கு தலைப்புகளில் வங்கிகள் தகவல் வெளியிட வேண்டும் என்றது. பருவநிலைத் தரவுகளைத் திரட்டித் தரும் களஞ்சியம் ஒன்றையும் அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிளைகளில் வேளாண் கடன் மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நான்கு தலைப்புகளிலும் எங்கள் ஊர்ப் புயல் தென்படாமலே போய்விடலாம். காரணம், நகைக்கடன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் தந்தது. அதில் 600 இழப்பீடு, 500 வெட்டி அகற்ற. ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தால் 77,000 ரூபாய். பொக்லைன் வாடகை, ஆள்கூலி, புதுக் கன்று என்று போனதற்குப் பிறகு கையில் எவ்வளவு நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வங்கிகளும் சும்மா இருக்கவில்லை, விதிப்படி செய்தன. அந்த விதியைத்தான் பார்க்க வேண்டும். இயற்கைப் பேரிடருக்கான ரிசர்வ் வங்கியின் 2018 வழிகாட்டுதலில், பாதிக்கு மேல் பயிர் சேதமானால் குறுகிய காலப் பயிர்க்கடனை மாற்றியமைத்துத் திருப்பிக் கட்ட அதிகபட்சம் ஐந்து ஆண்டு தரலாம் என்று இருந்தது. முதல் ஆண்டு தவணை கிடையாது, அதுவும் இந்த ஐந்துக்குள் அடக்கம். நெல்லுக்கு இது தாராளம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறு, ஏழு ஆண்டு ஆகுமே! கடைசித் தவணை கட்டும் நாளிலும் தோப்பில் பாளை வந்திருக்காது.

அப்படியென்றால் எதை வைத்துக் கட்டினார்கள்? பெரும்பாலும் நகையை வைத்து. மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த ஆரம் மஞ்சள் பையிலிருந்து வெளியே வரும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்து, கல் எடையைக் கழித்துவிட்டு ஒரு தொகை சொல்வார். நிலத்துக்கும் பயிருக்குமான அரசுப் பதிவுகளான சிட்டா, அடங்கல் நகலை இணைத்தால் அது வேளாண் நகைக்கடன். அந்தப் பணத்தில் பழைய கடன் அன்றைக்கே முடியும். ஏட்டைப் பார்த்தால், புயலால் தத்தளித்த கணக்கு ஒழுங்காகத் தீர்ந்துவிட்டது, பக்கத்தில் தங்கத்தின் பேரில் பத்திரமான புதுக் கணக்கு ஒன்று திறந்திருக்கிறது. வங்கி தன் ஆபத்தைச் சமாளித்துவிட்டது. அந்த ஆபத்து ஒன்றும் கரைந்து போகவில்லை, பெட்டகத்தில் நகையாக இருக்கிறது.

மேலாளர்களை நான் குறை சொல்லவில்லை. நகைக்கடன் லேசில் வாராக்கடன் ஆகாது, மேலிடமும் கேள்வி கேட்காது. விவசாயிக்கும் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதைவிட இதுதான் சுலபம். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையிலான வேளாண் கடனுக்கு ஈடு தேவையில்லை. ஆனால் விவசாயி தானாக முன்வந்து நகை வைத்தால் அது விதிமீறல் ஆகாது என்று அதே ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் விரும்பித்தான் வைக்கிறாரா, வேறு வழியில்லாமல் வைக்கிறாரா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

இன்னொரு கஜா வந்தால் இந்தக் கிளையில் எவ்வளவு கடன் மூழ்கும் என்று கணினியைக் கேட்டால், ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். தங்கம் விலை இறங்கினால் மட்டும் அதற்குக் கவலை. காப்பீடு இருக்கிறதே என்பார்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் காய்க்கும் மரத்துக்கு மட்டும்தான். புயலுக்குப் பின் நட்ட கன்று, மிகவும் ஆபத்தான ஆண்டுகளில் காப்பீடு இல்லாமல் நிற்கிறது.

ஆகவே இறுதி விதிகளில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். கடலோர மாவட்டங்களில் ஒவ்வொரு வங்கியும் கொடுத்த வேளாண் கடனில் நகையின் பேரில் கொடுத்தது எவ்வளவு, பேரிடருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது எவ்வளவு கூடியது, எத்தனை நகைகள் ஏலத்துக்குப் போயின என்று தனியாகக் காட்டட்டும். அப்புறம், மரப்பயிருக்கான தவணைக் காலத்தை நெல்லோடு சேர்த்துக் கட்டாமல், மரம் காய்க்கும் வயதை வைத்து நிர்ணயிக்கட்டும். மாநில அளவிலான வங்கியாளர் குழு இதை ரிசர்வ் வங்கியிடம் கொண்டுபோகலாம்.

முதல் கோரிக்கைக்குப் புதிதாகத் தகவல் திரட்ட வேண்டிய வேலைகூட இல்லை. நகைக்கடன் கொடுத்த தேதி, கிளை, நோக்கம் எல்லாம் கிளைகளை இணைக்கும் கோர் பேங்கிங் கணினியில் ஏற்கெனவே ஏறியிருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி வேளாண் அலுவலர்,
பட்டுக்கோட்டை.