வெளிநாடு போயும் சைக்கிளா?

ஹயேன், ஸ்பெயின்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கும் அக்காவுக்கும் தனியாக எழுதவில்லை, இதையே படித்துக் காட்டுங்கள். நடுவில் நான் விழுந்த கதை ஒன்று வரும். அம்மாவுக்குப் படிக்கும்போது அதை மட்டும் தாண்டிவிடுங்கள்.

போனில் பேசினால் "சரி சரி, சாப்ட்டியா, வை" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். சைக்கிள் படம் அனுப்பியதற்கு நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "ஏரோப்ளேன் ஏறி அவ்வளவு தூரம் போயும் சைக்கிளாடா?" அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன்.

முதலில் இந்த ஊர். ஜாயென் என்று படிக்காதீர்கள், ஹயேன். கம்பம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டியவரை திராட்சைப் பந்தல் தெரியுமே, அதைப் பத்து மடங்கு, நூறு மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். பந்தலுக்குப் பதில் ஆலிவ் மரம். இந்த மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கு மேல் மரம் இருக்கிறது. குன்றின் மேலும் சரிவிலும் வரிசை பிசகாமல் நட்டிருப்பதால், எண்ணெய் வைத்துச் சீப்பால் வாரிய தலை மாதிரி மலை தெரியும். புளியமரம் போல நிழல் தரும் என்று நினைத்துவிடாதீர்கள். குட்டை மரம், சாம்பல் பூசிய பச்சை. வந்த புதிதில் ஒரு காயைப் பறித்துக் கடித்துவிட்டேன். வேப்பங்கொட்டை தோற்றது. மரத்திலிருந்து அப்படியே யாரும் தின்னமாட்டார்களாம். ஊறவைத்துக் கசப்பை எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டி எண்ணெய் எடுக்க வேண்டும். காலையில் சுட்ட ரொட்டியின் மேல் அந்த எண்ணெயை ஊற்றித்தான் இங்கே எல்லோரும் சாப்பிடுகிறார்கள். நானும்தான். நல்லெண்ணெய் கேட்டுத் தவித்த நாக்கு இப்போது பழகிவிட்டது.

அறுவடை நவம்பர் முதல் இந்த மாதம்வரை. மரத்தடியில் வலை விரித்து, நீளக் கம்பால் தட்டுவார்கள். மரத்தைப் பிடித்து உலுக்கும் இயந்திரமும் உண்டு. வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் நிறைய. அந்த மாதங்களில் ஊர் முழுக்கச் செக்கு நாற்றம், எனக்கு அது பிடிக்கும். 2022, 2023 இரண்டு வருடமும் மழை பொய்த்து விளைச்சல் படுத்துவிட்டது. எண்ணெய் விலை இரண்டு மடங்கைத் தாண்டிப் போனதை எங்கள் ஆய்வகத்தில் இன்னும் பேசுகிறார்கள்.

இப்போது சைக்கிள். செகண்ட்ஹேண்ட். அலுமினியம் ஃப்ரேம், எட்டரைக் கிலோ, ஒரு கையில் தூக்கிவிடலாம். முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் பதினொன்று. மேட்டுக்குப் போட்டால் முன்னால் 34 பல், பின்னால் 32 பல். அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேலேதான் சுற்றும். நம் கடை அட்லஸை இந்த மேட்டில் மிதித்தால் செயின் அறுந்துவிடும், அல்லது நான் அறுந்துவிடுவேன். கேரியர் கிடையாது, ஸ்டாண்ட் கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல்கூட இல்லை. "அப்புறம் இது என்ன வண்டி?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

அம்மாவிடம் இதைச் சத்தமாகப் படியுங்கள்: இங்கே கார்காரன் சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் போக வேண்டும், சட்டம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டவும் அனுமதி உண்டு. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். வளைவில் நான் மெதுவாக ஏறும்போது ஒரு லாரி பொறுமையாகப் பின்னாலேயே வந்ததைப் பார்த்து, முதல் நாள் எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. இறங்கி ஓரமாக நின்று வழிவிட்டேன். டிரைவர் புரியாமல் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான பாதை தெற்கே, கியெப்ரஹானோ என்ற நீர்த்தேக்கம்வரை. எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் தருவது அதுதான். குறுகிய ரோடு, வண்டி அதிகம் வராது. ஒருநாள் ஆசைப்பட்டுப் பண்டேரா என்ற மலைக்குப் போனேன். உச்சி 1,800 மீட்டருக்கு மேல். ஸ்பெயினைச் சுற்றும் பெரிய சைக்கிள் பந்தயம் 2002இல் முதன்முறையாக அங்கே போய் முடிந்தது, அதற்குப் பிறகும் பலமுறை. சில இடத்தில் நூறு மீட்டர் போனால் பதினைந்து மீட்டர் ஏறுகிறது. போடிமெட்டு எல்லாம் சாலையே இல்லை, திண்ணை. பந்தயக்காரர்கள் மிதித்து ஏறினார்கள். நான் பாதிக்கு மேல் உருட்டிக்கொண்டு ஏறினேன்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது அதைப் பற்றி இல்லை, திராங்கோ அணையைப் பற்றி. நவம்பர் முதல் வாரம் லீவு கிடைத்தது. சைக்கிளைப் பஸ்ஸின் வயிற்றுக்குள் படுக்கப்போட்டுக் காசோர்லா என்ற மலையூருக்குப் போனேன். மறுநாள் விடிந்ததும் கிளம்பி, பாறை முனையில் கோட்டை தொங்கும் லா இருவேலாவைத் தாண்டிப் புறாக் கணவாய்க்கு ஏறினேன். 1,200 மீட்டருக்கு மேல், மூச்சு புகையாக வந்தது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் வந்த பக்கம் முழுக்க ஆலிவ். முன்பக்கம் ஒரு ஆலிவ் இல்லை, பைன் காடு. பிணந்தின்னிக் கழுகுகள் எனக்குக் கீழே பறந்தன, அப்பா. கழுகின் முதுகை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இறக்கம் முடிந்ததும் ஆறு வந்துவிடும். குவாதல்கிவிர் என்று பெயர். அரபியில் பெரிய ஆறு என்று பொருளாம். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, நம் ஊர் வாய்க்கால் அகலம்தான். ரோடு அதன் கூடவே போகிறது. இந்த ஆறு மேற்கே கடலுக்குப் போக வேண்டியது. ஆனால் மலை மறிப்பதால் முதலில் வடகிழக்கே ஓடி, அணையிருக்கும் இடத்தில் வந்துதான் மேற்கே திரும்புகிறது. வைகையும் அப்படித்தானே? வருசநாட்டிலிருந்து வடக்கே வந்து, நம் அணைக்கட்டுப் பக்கம்தானே கிழக்கே திரும்புகிறது. இதைக் கவனித்ததும் வண்டியை நிறுத்தி, கரையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடியைப் பிசைந்து கொண்டுபோயிருந்த சோற்றைத் தின்றேன்.

அணை 1940களில் கட்டி முடித்தது. ஏறக்குறைய 50 கோடி கன மீட்டர் கொள்ளும்; நம் கணக்கில் 17 டி.எம்.சி.க்கு மேல். வைகை 6 சொச்சம்தான். ஆனால் இங்கே அடிக்கணக்கு கிடையாது. "71 அடி, 66 ஆனால் முதல் எச்சரிக்கை" என்று டீக்கடையில் பேப்பரைப் பிரித்துப் பேசுவீர்களே, அது இல்லை. நூற்றுக்கு எத்தனை என்று சதவீதத்தில் சொல்கிறார்கள். நாற்பது சதவீதம் என்றால் எனக்கு மனதில் எதுவுமே தெரிவதில்லை. அடியில் சொன்னால் மதகும் சுவரும் கண்ணில் தெரியும். தண்ணீருக்கு நடுவே ஒரு தீவில் பாழடைந்த கோட்டை நிற்கிறது. புஹராய்சா என்ற ஊருடையது. ஊர் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. வைகை அணைக்குள் ஊரை விட்டுவிட்டு வந்த பெரியவர்கள் கடைக்கு வந்து காற்றடித்துக்கொண்டே பேசுவார்களே, அவர்கள் ஞாபகம் வந்தது. இவர்களுக்கு அடையாளத்துக்குக் கோட்டையாவது மிஞ்சியது.

அம்மாவுக்குத் தாண்ட வேண்டிய இடம் இதுதான். டிசம்பரில் லோஸ் வில்யாரெஸ் பக்கம் ஓர் இறக்கம். அறுவடைக் காலம், டிராக்டர் டயரிலிருந்து விழுந்த சேறு, நசுங்கிய காய், மேலே பனி. வளைவில் பிரேக்கைப் பிடித்தேன், தப்பு. முழங்கையும் இடுப்பும் தேய்ந்தன, எலும்புக்கு ஒன்றும் இல்லை. முன்சக்கரம் ஓரக்கல்லில் மோதி, பிரேக்கில் உரசும் அளவுக்குக் கோட்டம். தோப்பிலிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்து, தன் ஜீப்பில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். நான் பையிலிருந்து ஸ்போக் சாவியை எடுத்து, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பிரேக் கட்டையை அளவாக வைத்துக்கொண்டு கோட்டம் எடுக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் கால் சுற்று இறுக்கினால் எதிர்ப்பக்கம் கால் சுற்று இளக்கு. நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அவர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். முடிந்ததும் சுற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "மெக்கானிக்கா?" என்றார்.

அப்பா, காலேஜ் பாரத்தில் உங்கள் தொழில் என்ற கட்டத்தில் நான் "பிசினஸ்" என்று எழுதினேன். நாலு வருடமும். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. ஹாஸ்டலுக்கு நீங்கள் கிரீஸ் கையோடு வந்தபோது சீக்கிரம் அனுப்பிவைத்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள். அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் என் அரைகுறை ஸ்பானிஷில், அப்பாவுக்குச் சைக்கிள் கடை, இருபத்தேழு வருடமாக, என்று சொன்னேன். கூடவே வாடகை சைக்கிள், பஞ்சர், குரங்கு பெடல் எல்லாம் விளக்கப் பார்த்தேன். குரங்கு பெடலுக்கு வார்த்தை கிடைக்காமல், சேறு பூசிய சட்டையோடு ரோட்டில் ஓட்டியே காட்டினேன். அவரும் சின்ன வயதில் அப்படித்தான் பழகினாராம்.

சரி, எழுதியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக் மட்டும் திரும்பத் திரும்ப அறுகிறது. இது மூன்றாவது. மற்ற பக்கம் ஒன்றும் ஆகவில்லை. நடுவில் இல்லை, ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில்தான் அறுகிறது. முன்னால் ஓட்டியவன் செயினை உள்ளே விழவிட்டு அந்த இடத்தைக் கீறியிருப்பானோ என்று எனக்குச் சந்தேகம். எல்லா ஸ்போக்கையும் மாற்றவா, அந்தப் பக்கம் மட்டும் போதுமா? இங்கே கடையில் கேட்டால் சக்கரத்தையே புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். அந்தக் காசில் நான் இரண்டு மாதம் சாப்பிடலாம்.

போனில் சொல்லாதீர்கள், புரியாது. பேப்பரில் படம் போட்டு, அக்காவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்