பெல்டெரிக் ஊர்க்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெல்டெரிக் ஊர்க்காரர்களே,

தமிழில் எழுதினால் உங்களுக்கு எப்படிப் புரியும் என்று கேட்பீர்கள். உங்கள் ஊரைப் பற்றிய என் கட்டுரை தமிழில்தானே வந்தது. அதைப் படித்தவர்கள் முன்னால் நன்றி சொல்வதுதான் முறை. உங்களுக்குத் தனியாகத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துக்கு நான் வந்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு கதை. 1930களில் உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர் பேட்ரிக் கால்ஃபீல்ட், அடுப்புக்கு 'டர்ஃப்' வெட்டும் இடத்தில் அடியில் கற்கள் கிடப்பதைக் கவனித்தார். டர்ஃப் என்பது செடிகொடிகள் காலங்காலமாக மட்கிச் சேர்ந்த கரிய சதுப்பு மண், காயவைத்தால் விறகு. கல்லுக்கு மேலே அது வளர்ந்திருக்கிறது என்றால், கல்லை அடுக்கியவர்கள் அதற்கும் முன்னால் வாழ்ந்தவர்கள். வாத்தியார் போட்ட கணக்கு அவ்வளவுதான். பிற்காலத்தில் மகன் ஷேமஸ் தொல்லியல் படித்து வந்து, சதுப்பைத் தோண்டாமல் இரும்புக் கம்பியால் குத்திக் குத்தியே கிலோமீட்டர் கணக்கில் சுவர்களைக் கண்டுபிடித்தார். எல்லாம் மாடு மேய்த்த வயல்களின் வேலிகள். வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல் என்கிறார்கள். இல்லை என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

சுவர்கள் புதைந்து கிடக்கும் அந்தக் கேஜா வயல்களில், அதே மாதிரிக் கம்பியை என் கையில் கொடுத்த வழிகாட்டி அம்மாவுக்கு முதல் நன்றி. களிக்குள் துடுப்பு இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. இரண்டடி தள்ளிக் குத்தினால் பாதியிலேயே 'டொக்'. யாரோ ஒரு விவசாயி வைத்த கல். கை அதிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம், நூலகத்தில் எனக்காக ஒரு முழு மதியம் செலவழித்தவருக்கு. 1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கதை, வைத்தியம், பஞ்ச காலத்து நினைவு எல்லாம் கேட்டு நோட்டில் எழுதினார்கள். சுமார் 50,000 பிள்ளைகள். அவற்றை இன்று இணையத்திலேயே படிக்கலாம் என்று காட்டியவர் அவர்தான். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து பழைய குடிக்கணக்கு ஏடுகள் சாம்பலான நாட்டில், ஒரு பன்னிரண்டு வயதுக் கையெழுத்து எவ்வளவு பெரிய சொத்து!

சதுப்பில் முழங்கால்வரை புதைந்த என்னைச் சிரித்துக்கொண்டே இழுத்துவிட்ட பெரியவரே, உங்களுக்கு என்ன சொல்ல? உங்கள் வீட்டம்மா என் சாக்ஸை அடுப்பருகே காயவைத்து, சோடா ரொட்டியும் தேநீரும் தந்தார். வெட்டிய டர்ஃப் கட்டிகளை நாலைந்தாகச் சாய்த்துக் காற்றாட நிறுத்தும் வேலையை அங்கேதான் கற்றேன். குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது, அது வேறு. இந்த வேலைக்கு அக்கம்பக்கத்தார் கூலி இல்லாமல் கூடுவதை 'மெஹல்' என்பீர்கள் என்றும், பணம் கொடுத்தால் அது கெட்டுப்போகும் என்றும் சொன்னீர்கள். நான் நீட்டிய பணத்தைத் தள்ளிவிட்டது அதனால்தான் என்று பிறகுதான் உறைத்தது.

சரி, பணம் வேண்டாம். வரும் ஜூனில் டர்ஃப் நிறுத்த ஆள் ஒன்று கூடுதலாக எழுதிக்கொள்ளுங்கள். இந்த முறை நீளமான பூட்ஸோடு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சதுப்பில் விழுந்த தமிழன்