பாளைக்குள் வண்டு

பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் மனம் லேசானது. மகளுக்கு இரவு வேலை. அதனால் பேத்தி ஒரு மாதமாக என்னிடம்தான் இருக்கிறாள். ஒன்றே முக்கால் வயது. அவள் தூங்கும் நேரம்தான் நான் எழுதும் நேரம்.

மகள் ஐந்தாறு மடல் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். கெட்டி அட்டைப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன மடலைத் தூக்கினால் உள்ளே ஒரு பிராணி இருக்கும். தூக்குவதும் மூடுவதுமாகவே பேத்திக்குப் பொழுது போகிறது. மறைந்த பொருள் அங்கேயேதான் இருக்கிறது என்பதைக் குழந்தை எட்டு மாதமளவில் தேடிக் கண்டுகொள்ளத் தொடங்குகிறது என்று குழந்தை உளவியலாளர் பியாஜே எழுதினார். நம் அம்மாக்கள் முந்தானையால் முகத்தை மூடித் திறந்து நம்மைச் சிரிக்கவைத்தது நினைவிருக்கிறதா?

ஆனால் மடலுக்குள் இருப்பவை முள்ளெலியும் ஓக் மரமும் பனியில் உறங்கும் கரடியும். இவள் வாசலில் இறங்கினால் பார்ப்பது எண்ணெய் எடுக்கும் செம்பனை அல்லவா? இன்னொன்றும் என்னை உறுத்தியது. சில புத்தகங்களில் மேகத்துக்கு ஒரு மடல், வேலிக்கு ஒரு மடல் என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இழுத்தும் தூக்கியும் பார்க்கும் புத்தகங்களைவிட, உள்ளதை உள்ளபடி காட்டும் சாதாரணப் படப் புத்தகங்களிலிருந்தே சிறு பிள்ளைகள் விலங்குகளைப் பற்றி அதிகம் கற்றார்கள். கை வேலையில் கவனம் போய்விடுகிறது. இயற்கை தானே எதை மூடி வைத்திருக்கிறதோ, அதற்கு மட்டும் மடல் வைத்தால் போதும் என்பது என் கட்சி.

அப்படி ஒன்றை நானே செய்யத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கம் செம்பனைப் பாளை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது நம் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்டில்தானே, வேறு எதைக் கொண்டு தொடங்குவேன்! பாளையைத் தூக்கினால் ஆண் பூ, அதில் எள்ளளவு வண்டு. 1981இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விடும்வரை, ஆண் பூவின் தூளை எடுத்துப் பெண் பூவில் தூவியவர்கள் மனிதர்கள். என் அம்மாவும் அந்த வேலைக்குப் போனார். வீடு திரும்பும்போது அவர் சேலையில் சோம்பு மணக்கும். அது செம்பனைப் பூவின் மணம் என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பேத்தி அந்த மடலைத் தூக்கி "பூச்சி" என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறுநாள் அவள் முற்றத்தில் ஒரு சருகைத் தூக்கினாள். அடியில் சுருண்டு கிடந்தது மரவட்டை. சிறிது நேரம் பார்த்தாள். பிறகு சருகைப் பழையபடி அதன்மேல் வைத்துவிட்டாள். மூடவும் வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை, மல்லிகா.

இரண்டாம் பக்கம் கம்போங் குவாந்தான் மின்மினிகள். ஆற்றங்கரையில் நிற்கும் பெரெம்பாங் மரத்து இலையைத் தூக்கினால், ஒரே தாளத்தில் மின்னும் கூட்டம். கீழே கரைச் சேற்றுக்கும் ஒரு மடல். அங்கே மின்மினியின் புழு நத்தையைத் தின்றுகொண்டிருக்கும். அதை அழகுபடுத்தாமல் அப்படியே வரைந்திருக்கிறேன்.

காகித மடல் இரண்டே நாளில் கிழிந்தது. இப்போது அட்டையில் கீறல் போட்டு ஃபெல்ட் துணியைச் செருகித் தைக்கிறேன். எல்லாம் வாய்க்குப் போவதால் பொத்தான், மணி எதுவும் வைப்பதில்லை.

மூன்றாம் பக்கம் உனக்காகக் காலியாக இருக்கிறது. எலி பிடிக்கத் தோட்டத்தில் கம்பத்தின்மேல் வைக்கும் ஆந்தைப் பெட்டியும், உள்ளே குஞ்சுகளோடு கூகையும் வேண்டும். பறவை முகம் எனக்கு வராது. பள்ளியிலிருந்தே அது உன் கைக்குத்தான் வரும். கண் தெளிந்ததும் மெல்ல வரைந்து அனுப்பு. பக்கம் ஒரு சாண் சதுரம். பெட்டிக் கதவை வரையாதே, அதை நான் தைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சரோஜா