மலையகத்திலும் கட்டியவர் ஜெஃப்ரி பாவா

ஆசிரியர் அவர்களுக்கு,

2003ஆம் ஆண்டு மே 27ஆம் திகதி மறைந்த இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் பற்றி, அந்தத் திகதி வரும்போதெல்லாம் பத்திரிகைகளில் ஏதேனுமொரு குறிப்பு வெளிவருவது வழக்கம். அவற்றில் கோட்டே பாராளுமன்றமும் தம்புள்ளைக்கு அருகிலுள்ள கண்டலம ஹோட்டலும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் வீடுகளைக் கட்டியவர் என்பதும், பழைய காரின்மீது தீராத பிரியம் வைத்திருந்தவர் என்பதும், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்திலும் அவருடைய கட்டடங்கள் உண்டு என்பதும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. வீட்டுப் படம் வரைந்தே பிழைத்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இக்குறையை ஓரளவேனும் நிரப்ப விரும்புகிறேன்.

1919இல் பிறந்த பாவா முதலில் படித்தது ஆங்கில இலக்கியமும் சட்டமும். பெந்தோட்டைக்கு அருகே 1948இல் வாங்கிய லுணுகங்கை என்ற பழைய இறப்பர் தோட்டத்தைத் தம் விருப்பப்படி திருத்தப் புகுந்தபோதுதான், அதற்கு வேண்டிய தொழிலறிவு தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்து கட்டடக்கலை படிக்கச் சென்றார். 1957இல் தகுதிபெற்றபோது அவருக்கு வயது 38. எங்கள் பிள்ளைகளில் ஒருவர் அந்த வயதில் தொழில் மாறினால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுடன் கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் உள்ள அவரது இல்லத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஒரே வரிசையில் ஒட்டி நின்ற நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் குடியேறி, மற்றவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கி, இடைச்சுவர்களைத் திறந்து, வானம் தெரியும் சிறு முற்றங்களை நடுநடுவே விட்டு ஒரே வீடாக்கியிருக்கிறார். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்தவனுக்கு வரிசை வீடு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை, பின்னால் இருட்டு. அதே வரிசைக்குள் பகல் முழுவதும் விளக்கில்லாமல் படிக்கக்கூடிய வெளிச்சத்தை ஒருவர் வரவழைத்திருப்பதைக் கண்டு, வீட்டைச் சுற்றிக் காட்ட வந்த இளைஞர் அடுத்த அறைக்குப் போன பிறகும் நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த வீட்டின் வாசலில் விருந்தினரை முதலில் வரவேற்பது 1934ஆம் ஆண்டின் ரோல்ஸ் ரொய்ஸ் கார்தான். மடக்கக்கூடிய கூரை கொண்ட அந்தக் காரைப் பின்கட்டில் ஒளித்து வைக்காமல், வீட்டுக்குள் நுழைபவர் அதன் பக்கமாகவே நடந்து செல்லும்படி வைத்திருப்பதைப் பணக்காரரின் பகட்டு என்று சிலர் சொல்லக்கூடும். என் பார்வை வேறு. பண்டாரவளையில் ஒஸ்டின் ஏ40 கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிய என் மாமா, இயந்திரத்தைப் பிரிக்கும் நாளில் சாக்கை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொரு துண்டையும் அடுக்குவார். அந்தச் சாக்கை நாங்கள் தாண்டிச் செல்லவும் கூடாது. எனா த சில்வா அவர்களுக்காக 1960களின் தொடக்கத்தில் பாவா கொழும்பில் கட்டிய வீட்டின் நிலம் பிற்காலத்தில் கைமாறியபோது, அவ்வீட்டை இடித்துத் தள்ளாமல், கல்லையும் மரத்தையும் அடையாளமிட்டுக் கழற்றி, லுணுகங்கைக்குக் கொண்டுபோய் மீண்டும் பூட்டியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு அந்தச் சாக்குதான் நினைவுக்கு வந்தது. (பத்திக் எனும் மெழுகுச் சாயத் துணிக் கலைஞரான எனா அம்மையார் பின்னாளில் மாத்தளை அலுவிகாரையில் குடியேறி, அங்குள்ள பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்ததை மாத்தளை வாசகர்கள் அறிவர்.)

1977 வரை நீடித்த இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய கார் வாங்க வழியில்லாததால் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் நம் மலைப்பாதைகளில் பல்லாண்டுகள் உயிரோடு ஓடின. அதே கட்டுப்பாடு இரும்பையும் கண்ணாடியையும் கிடைக்காத பொருளாக்கியபோது, பாவா கருங்கல், நாட்டு ஓடு, மரம், மெருகிட்ட சீமெந்து ஆகியவற்றைக் கொண்டே காரியத்தை முடித்தார். கூரையில் அவர் கையாண்ட முறையை நான் பல இடங்களில் பின்பற்றியிருக்கிறேன்: ஓடு மட்டும் வேய்ந்தால் ஒழுகும், தகடு மட்டும் போட்டால் வெப்பமும் இரைச்சலும் தாங்காது என்பதால், நெளிதகட்டின்மேல் அரைவட்ட ஓட்டைப் பதிப்பது. அவர் பயன்படுத்திய அஸ்பெஸ்டஸ் தகடு இன்று வேண்டாம், முறை வேண்டும். பெருமழையில் தகரக் கூரையின் கீழ் அடுத்திருப்பவர் பேசுவது கேட்காமல் வளர்ந்தவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. ஆயினும் சிறு காணித்துண்டில் எழும் புதிய தோட்ட வீடுகளுக்குப் படம் வரைபவர்களிடம் இதைச் சொன்னால், செலவு அதிகம் என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது.

எங்கள் பண்டாரவளையில் நல்லாயன் கன்னியர் மடத்துச் சிற்றாலயம் 1960களின் தொடக்கத்தில் பாவாவும் அவருடைய டென்மார்க் பங்காளர் உல்ரிக் பிளெஸ்னரும் அமைத்தது. பிளெஸ்னர் இலங்கைக்கு முதலில் வந்ததே கண்டியில் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வாவிடம் வேலை செய்வதற்காகத்தான். மஸ்கெலியா பக்கம் அப்கொட்டில், ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்து பங்களாவும் பாவா வரைந்ததே. அந்தப் பங்களாவில் கல் சுமந்தவர்களும் சமையற்கட்டில் வேலை செய்தவர்களும் நம்மவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஆகவே அப்கொட், மஸ்கெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் இக்கட்டடங்களின் வேலையில் ஈடுபட்ட மேசன், தச்சர் குடும்பங்களிடம் பழைய நிழற்படமோ கூலிப் புத்தகமோ இருந்தால், அவற்றைத் தங்கள் பத்திரிகைக்கு அனுப்பும்படி ஓர் அறிவித்தல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னிடமுள்ள சிற்றாலயக் கூரையின் அளவுப்படத்தை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
பண்டாரவளை.