தன்னம்பிக்கை அடுக்கில் ஹிட்லர்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் புத்தகக் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

எந்த ஊர்ப் புத்தகக் காட்சிக்குப் போனாலும் கடையின் முன்வரிசையில் அந்தப் புத்தகம் கண்ணில் படுகிறது. அட்டையில் சின்ன மீசையும் முறைத்த பார்வையும். ஹிட்லர் எழுதிய ‘எனது போராட்டம்’. ஒரு பக்கம் அப்துல் கலாம், மறு பக்கம் பணக்காரர் ஆவது எப்படி வகையறா. எடுத்துப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஒன்றுமில்லாதவனாக இருந்து நாட்டையே ஆண்டவன், அவனிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதை அந்த அடுக்கில் வைத்தது நீங்கள்.

தடை கேட்டு இதை எழுதவில்லை. வரலாறு படிக்கிறவனுக்கு அந்தப் புத்தகம் வேண்டும். எப்படி விற்கிறீர்கள் என்பதுதான் என் வழக்கு.

ஜெர்மனியில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஹிட்லர் செத்த பிறகு அந்தப் புத்தகத்தின் உரிமை பவேரிய மாநில அரசிடம் இருந்தது. 2015 முடியும்வரை மறுபதிப்புக்கு அது அனுமதி தரவில்லை. உரிமைக் காலம் தீர்ந்ததும், 2016 ஜனவரியில், மியூனிக்கின் சமகால வரலாற்று ஆய்வு நிறுவனம் இரண்டு பெரிய தொகுதிகளாக ஒரு பதிப்பு கொண்டுவந்தது. ஏறக்குறைய 2,000 பக்கம், 3,500க்கும் மேற்பட்ட குறிப்புகள். எது பொய், எது யாரிடமிருந்து சுட்டது, எது பின்னாளில் எந்தக் கொலையில் போய் முடிந்தது என்று வரிக்கு வரி பக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அட்டையில் ஹிட்லர் படமே கிடையாது. நம்மூர்ப் பதிப்பில் பின்னட்டையில் இருப்பது ‘உலகை நடுங்கவைத்தவன்’ பாணியில் நான்கு வரி.

சுருக்கப் பதிப்பு போடுகிறவர்களிடம் தனியாக ஒரு கேள்வி. எதைச் சுருக்குகிறீர்கள்? முதல் உலகப் போரின்போதே பன்னிரண்டாயிரமோ பதினைந்தாயிரமோ யூதர்களை விஷவாயுவுக்குள் தள்ளியிருந்தால் போர்முனையில் செத்தவர்களின் தியாகம் வீணாகியிருக்காது என்று அதில் எழுதியிருக்கிறான். இரண்டாம் தொகுதி வந்தது 1926இல். அப்போது அவன் ஆட்சியில்கூட இல்லை. இருபது வருடத்துக்குள் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள், அதில் பதினைந்து லட்சம் பேர் குழந்தைகள். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் மட்டும் சுமார் பத்து லட்சம் யூதர்கள். அந்த வரி உங்கள் பதிப்பில் இருந்தால் ஒரு குறிப்பு வேண்டாமா? இல்லையென்றால் ஏன் இல்லை?

இன்னொன்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. இந்தியா வேறு எவன் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயன் கையிலேயே இருக்கட்டும் என்று எழுதியவன் அவன். நம் சுதந்திரப் போராட்டத்தை ஏளனம் செய்தவன். இந்தியர்களை இழிவாகப் பேசிய ஹிட்லரை, ஜெர்மனியில் இருந்த விடுதலைப் போராளி செண்பகராமன் மன்னிப்புக் கேட்க வைத்தார் என்ற கதையை நாம் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறோம். அதற்கு ஆதாரம் எவ்வளவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கதைப்படியே பார்த்தாலும் நம்மை மட்டமாக நினைத்தவன்தானே அவன்? அப்புறம் எப்படி நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரி ஆனான்?

அதே தன்னம்பிக்கை அடுக்கில், சில சமயம் கைக்கெட்டும் தூரத்தில், விக்டர் ஃபிராங்கலும் இருக்கிறார். வியன்னாவைச் சேர்ந்த யூத மனநல மருத்துவர். 1942இல் பெற்றோரோடும் மனைவியோடும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அப்பா அங்கேயே இறந்தார். அம்மாவை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். மனைவி டில்லி பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தபோது வயது 24. பதிப்பாளர்களான உங்களுக்கு இது உறைக்கும் என்பதால் சொல்கிறேன்: அவர் தன் முதல் நூலின் கைப்பிரதியைக் கோட்டுத் துணிக்குள் வைத்துத் தைத்திருந்தார். ஆஷ்விட்ஸில் உடைகளைப் பறித்தபோது அதுவும் போயிற்று. பிறகு வேறொரு முகாமில் கிடைத்த துண்டுக் காகிதங்களில் சுருக்கெழுத்தில் அதைத் திரும்ப எழுத ஆரம்பித்தார். அந்த மனிதரும் அவர் குடும்பத்தை அழித்தவனும் ஒரே அடுக்கில், ஒரே தள்ளுபடியில். யோசித்து வைத்ததில்லை என்று தெரியும். யோசிக்கவே இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

இலுமினாட்டி புத்தகங்களுக்கு வருகிறேன். இலுமினாட்டி என்பது 1776இல் பவேரியாவில் தொடங்கி பத்து வருடத்துக்குள் அரசு முடக்கிய ஒரு ரகசியச் சங்கம். அதை வைத்து இன்று உலக வங்கி, தடுப்பூசி, சினிமா எல்லாம் ஒரு சில யூதக் குடும்பங்கள் கையில் என்று தமிழில் கதை கட்டுகிறார்கள். இதன் மூலச்சரக்கு பழையது. 1903இல் ரஷ்யாவில் அச்சான ‘சியோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற போலி ஆவணம். மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்த ஒரு பிரெஞ்சு நூலிலிருந்து பத்தி பத்தியாகக் களவாடியது என்று 1921லேயே லண்டன் டைம்ஸ் அம்பலப்படுத்திவிட்டது. நூறு வருடம் கழித்து அந்தக் களவுச் சரக்கைத் தமிழில் புதிது என்று விற்பது வாசகனை ஏமாற்றுவது. இதை வாங்குகிறவர்களில் ஒரு யூதரையாவது நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சென்னை மண்ணடியில் பவளக்காரத் தெருவைத் தாண்டிப் போகிறவர்களில் பலருக்கு, அந்தப் பெயர் பதினேழாம் நூற்றாண்டில் அங்கே பவளம் விற்ற யூத வணிகர்களின் மிச்சம் என்பதே தெரியாது.

காசாவைப் பற்றிப் பேசாமல் இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். பேசுங்கள். இஸ்ரேல் அரசைக் கண்டித்துப் புத்தகம் போடுங்கள், நானே வாங்குகிறேன். ஆனால் ஒவ்வொரு முறை அங்கே குண்டு விழும்போதும் ‘கொஞ்சம் பேரை மிச்சம் வைத்தேன், ஏன் கொன்றேன் என்று உலகத்துக்குப் புரியட்டும்’ என்று ஹிட்லர் சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அவன் அப்படிச் சொன்னதற்கு எந்தச் சான்றும் கிடையாது. அதை அனுப்புகிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 1948இல் உருவான ஓர் அரசின் கணக்கை 1942இல் வார்சாவில் பட்டினியில் செத்த குழந்தையின் பேரில் எழுதுகிறார்.

உங்களில் பலர் மே மாதம் முள்ளிவாய்க்காலுக்காக விளக்கேற்றுகிறவர்கள். 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நினைவுத் தூபியை இரவோடு இரவாக இடித்தபோது கொதித்தவர்கள். செத்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்கிறவனைப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கிறது? யூதர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். யாழ் நூலகம் எரிந்ததை மறக்காத நீங்கள், 1933 மே 10 இரவு பெர்லினில் நாஜி மாணவர்கள் இருபதாயிரத்துக்கு மேல் புத்தகங்களைக் கொளுத்தியதையும் சேர்த்து நினைக்கலாம். அந்தச் சதுக்கத்தில் தரைக்குக் கீழே, கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி, வெற்று அலமாரிகள் வைத்திருக்கிறார்கள். இருபதாயிரம் புத்தகங்களுக்கு இடம் உண்டு, ஒன்றுகூட அதில் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அந்தப் புத்தகத்தைத் தன்னம்பிக்கை அடுக்கிலிருந்து எடுத்து வரலாற்று அடுக்கில் வையுங்கள். அடுத்த அச்சில் பின்னட்டைப் புகழுரையை நீக்கிவிட்டு, முன்னால் பத்துப் பக்கமாவது வரலாற்றுக் குறிப்பு சேருங்கள். பக்கத்திலேயே, நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு இருக்கட்டும். ஜனவரி 27, ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட நாள். 2005இல் ஐ.நா. அதை நினைவு நாளாக அறிவித்தது. அதையொட்டி மாலை அரங்கில் ஒரு பொழுதை இந்தப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். பட்டிமன்றம் வேண்டாம், இதில் இரண்டு அணி கிடையாது.

குறிப்பு எழுத ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கேட்டால் எழுதித் தருவார்கள். மெய்ப்புப் பார்க்க நான் வருகிறேன். காசு வேண்டாம், ஒரு பிரதி போதும்.

அன்புடன்,
உங்கள் வாசகன்