கை நனைக்கும் முன் சோப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கியதிலிருந்து தங்கள் நாளிதழில் நம்பிக்கையூட்டும் செய்திகளை நாள்தோறும் படித்து வருகிறேன். சென்ற ஆண்டு ஜூலை இறுதியில் ஆறாயிரத்தைத் தாண்டியிருந்த தமிழகத்தின் அன்றாடத் தொற்று எண்ணிக்கை இப்போது ஐந்நூறை ஒட்டி வந்துவிட்டது. இதற்காக உழைத்த மருத்துவர்கள், செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள் ஆகியோருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் எண்ணிக்கை இறங்கும் வேகத்திலேயே இன்னொன்றும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அச்சத்தால் என்றாலும், பத்து மாதங்களாக நாம் பழகிக்கொண்ட சோப்புப் போட்டுக் கைகழுவும் வழக்கம் மெல்ல நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

சென்ற வாரம் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. ஊரடங்கின் தொடக்க மாதங்களில் அந்த நிலையம் தற்காலிகக் காய்கறிச் சந்தையாக மாற்றப்பட்டிருந்தபோது, நுழைவாயிலிலேயே காலால் மிதித்தால் தண்ணீர் கொட்டும் குழாயும், அதன் அருகே திரவ சோப்பும் வைத்திருந்தார்கள். கைகழுவாமல் ஒருவரும் உள்ளே போக முடியாதபடி காவலர் ஒருவர் நின்றிருந்தார். இப்போது அந்தத் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடக்கிறது, மிதிகட்டை துருப்பிடித்திருக்கிறது, சோப்பு இருந்த இடத்தில் வெற்றுப் புட்டி மட்டும் நிற்கிறது. எதிரே இருந்த சிற்றுண்டிக் கடைக்கு வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்தின் கம்பியைப் பிடித்த கையோடும், சில்லறை வாங்கிய கையோடும் நேரே தட்டில் கை வைத்தவர்களே பெரும்பாலோர். சோப்பைத் தொட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்; அவர்களும் சாப்பிட்டு முடித்த பிறகே அதைத் தொட்டார்கள்.

அந்தக் கடைசிச் செய்திதான் என்னைச் சிந்திக்க வைத்தது. நம் மக்கள் கைகழுவ அறியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வெளியே போய் வந்தால் வாசலிலேயே கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவதும், துக்க வீட்டுக்குப் போய் வந்தால் குளித்த பிறகே பிறரைத் தொடுவதும் நம் பாட்டிமார் விடாமல் காத்த வழக்கங்கள். எச்சில் கையால் எதையும் தொடக் கூடாது என்பது நம் குழந்தைகள் நடக்கத் தொடங்கும்போதே கற்கும் பாடம். விருந்தாளி சாப்பிடாமல் கிளம்பினால் ‘கை நனைக்காமல் போகலாமா’ என்று கேட்கிறோம். உண்பதற்கே நம் மொழியில் கை நனைப்பது என்றொரு பெயர் உண்டு. ஆயினும் உற்று நோக்கினால், நம் கவனம் எல்லாம் சாப்பிட்ட கையின் மேல்தான் இருக்கிறது, சாப்பிடப் போகும் கையின் மேல் இல்லை. சாப்பிடும் முன் விரல் நுனிகளில் சிறிது தண்ணீர் விட்டுக்கொள்கிறோம். பந்தியில் அமர்ந்தால் வாழையிலையில் தெளித்த நீரை எந்தக் கையால் துடைக்கிறோமோ அந்தக் கை அத்துடன் சுத்தமாகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். சாப்பிட்ட பிறகோ, குழம்பு வாசம் போகவில்லை என்று இரண்டு முறை சோப்புப் போடுகிறோம். நோயைத் தடுக்க வேண்டிய சோப்பு வாசத்தைப் போக்கும் வேலைக்குப் போய்விட்டது.

இது என் கண்ணில் பட்டதை மட்டும் வைத்துச் சொல்வது அன்று. மத்திய அரசு நாடெங்கும் குடும்பங்களிடம் கேட்டறியும் தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்று 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்தது. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் சாப்பிடும் முன் சோப்பு அல்லது சலவைத் தூள் கொண்டு கைகழுவும் குடும்பங்கள் 35.8 விழுக்காடுதான் என்று அது கண்டது. கிராமப்புறங்களில் இது 25.3, நகர்ப்புறங்களில் 56. மலம் கழித்த பிறகு சோப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் 74.1 விழுக்காடு. அசுத்தம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சோப்பை எடுக்கிறோம், தெரியாத இடத்தில் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. கிருமியோ கண்ணுக்குத் தெரியாத பொருள்.

வெறும் தண்ணீர் ஏன் போதாது என்பதை என் மாணவர்களுக்குச் சொல்லியது போலவே இங்கும் சொல்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியில் எத்தனை செம்பு தண்ணீர் ஊற்றினாலும் பிசுக்குப் போகாது. துலக்கும் தூளைப் போட்டுத் தேய்த்தால் உடனே விட்டுவிடும். கொரோனா வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறுமுனை கொழுப்பையும் பற்றிக்கொள்ளும் இயல்புடையதால், நுரை வரத் தேய்க்கும்போது அது அந்த உறையைப் பிளந்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது. மற்ற கிருமிகளையும் அழுக்கோடு சேர்த்துத் தோலிலிருந்து பெயர்த்து நீரோடு அனுப்பிவிடுகிறது. இதற்குச் சிறிது நேரம் வேண்டும் என்பதால்தான் குறைந்தது 20 நொடிகளாவது தேய்க்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம், நனைப்பது முதல் துடைப்பது வரை முழுச் செயலுக்கும் 40 முதல் 60 நொடிகள் என்று கணக்கிடுகிறது. அவசரமாகக் கழுவுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் இடங்கள் கட்டைவிரலும், விரல் நுனிகளும், விரல் இடுக்குகளும் ஆகும். சோறு பிசைந்து உருட்டி வாயில் வைக்கும் நமக்கு, வாய்க்குள் போகிற பகுதிகள் துல்லியமாக இவையே. கரண்டியால் உண்பவர்களைவிட நமக்கு இந்த 20 நொடிகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

சானிட்டைசர் இருக்கிறதே என்பார்கள். சென்ற மார்ச் மாதம் மத்திய அரசு அதை அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, 200 மில்லி புட்டிக்கு 100 ரூபாய் என உச்ச விலை வைத்தது நல்ல செயலே. தண்ணீர் கிடைக்காத இடத்தில் அது கைகொடுக்கும். ஆனால் அதில் 60 விழுக்காடாவது ஆல்கஹால் இருக்க வேண்டும். கை முழுவதும் பட்டு, தானாகக் காயும் வரை தேய்க்க வேண்டும். ஜவுளிக்கடை வாசலில் உள்ளங்கையில் விழும் ஒரு துளியைச் சடங்குபோல் தொட்டுவிட்டுப் போவதால் பயன் மிகக் குறைவு. வயலில் நடவு நட்டவர், கட்டட வேலையில் சிமென்ட் குழைத்தவர், மீன் அறுத்தவர் ஆகியோரின் மண்ணும் பிசுக்கும் ஏறிய கையில் அது சரியாக வேலை செய்வதும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு குவளை தண்ணீரும் பத்து ரூபாய்ச் சோப்பும்தான். மஞ்சள் நீரில் வேப்பிலை போட்டுத் தெருவெங்கும் தெளித்த அந்த மார்ச் மாதத்து நாட்களை நான் குறை சொல்லவில்லை. அது நம் மக்களின் பயத்திலிருந்தும் பக்தியிலிருந்தும் வந்தது. கைகழுவியதற்கு அது ஈடாகாது என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

இதனோடு சேர்ந்த வேறு சில பழக்கங்களும் திரும்பிவிட்டன. நடத்துநர் நாக்கில் விரலைத் தொட்டுப் பயணச்சீட்டைக் கிழிப்பதும், கடைக்காரர் வாயால் ஊதிப் பையைப் பிரிப்பதும், ரூபாய்த் தாளை எச்சில் தொட்டு எண்ணுவதும் ஊரடங்கு மாதங்களில் அறவே நின்றிருந்தன. எச்சிலைப் பற்றி இவ்வளவு கவனமாக இருக்கும் சமூகத்தில் இது எப்படி இடம்பிடித்தது என்று எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். வங்கியில் பணம் எண்ணுகிறவர் மேசையில் இருக்கும் ஈரப்பஞ்சு ஒன்றை ஒவ்வொரு நடத்துநருக்கும் கொடுத்தால் இது ஒரே நாளில் தீர்ந்துவிடும். உணவகங்களில் கைகழுவும் தொட்டிக்கு மேல் எல்லோருக்குமாகத் தொங்கும் அந்த ஒற்றைத் துண்டையும் தயவுசெய்து எடுத்துவிட வேண்டும். நன்றாகக் கழுவிய கையை அதில் துடைப்பவர், தமக்கு முன் வந்த அத்தனை பேரின் கையையும் தொடுகிறார்.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தொற்று பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகவே பரவுகிறது என்பது இப்போது மேலும் மேலும் தெளிவாகி வருகிறது. சென்ற ஜூலையில் 239 அறிவியலாளர்கள் ஒன்றுசேர்ந்து உலகுக்கு இதை எடுத்துச் சொன்னார்கள். ஆகவே முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாமல் கைகழுவினால் மட்டும் போதும் என்று நான் வாதிடவில்லை. ஆனால், அப்படியானால் கைகழுவுவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொரோனாவோடு முடிவதில்லை. கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சோப்பு கொடுத்து, எப்போது எப்படிக் கழுவ வேண்டும் என்று வாரந்தோறும் சொல்லிக்கொடுத்த ஆய்வொன்றின் முடிவுகள் 2005இல் வெளிவந்தன. சோப்பு பெற்ற வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. வயிற்றுப்போக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. கிருமிநாசினி கலந்த விலையுயர்ந்த சோப்புக்கும் சாதாரணச் சோப்புக்கும் வேறுபாடு எதுவும் தென்படவில்லை என்பதையும், விளம்பரங்களைப் பார்த்துச் செலவழிக்கும் நம் தாய்மார்கள் அறிய வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரி 10ஆம் தேதி குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம். நகத்தடியில் புழு முட்டையோடு மறுநாளே அந்தப் பிள்ளை சோற்றில் கை வைத்தால் மாத்திரையின் பயன் எத்தனை நாளைக்கு நிற்கும்?

தண்ணீர்தான் எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் அறிவுரை சொல்பவர்கள் வழக்கமாக இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்ததை மறப்பதற்கில்லை. நிமிடத்துக்கு ஆறு லிட்டர் கொட்டும் குழாயைத் திறந்துவைத்தபடி 20 நொடிகள் தேய்த்தால் இரண்டு லிட்டர் போய்விடும். ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒரு நாளில் ஆளுக்கு எட்டு முறை கழுவினால் 80 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் ஐந்து குடத்துக்கு மேல். தெருக்குழாயில் வரிசையில் நின்று நாளுக்கு ஏழெட்டுக் குடம் பிடிக்கும் பெண்ணிடம் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதே குடும்பம் கையை நனைத்ததும் குழாயை மூடி, நுரை வரத் தேய்த்து, பிறகு ஒரு சிறு குவளை நீரில் அலசினால், ஒவ்வொரு முறையும் அரை லிட்டருக்கு மேல் ஆகாது. நாளுக்கு 20 லிட்டர் போதும். நம் விளம்பரப் படங்களில் எல்லாம் கைகள் நுரையோடு இருக்கும்போது குழாயும் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலில் அந்தப் படத்தை மாற்ற வேண்டும்.

என் கவலை அதிகம் தங்கியிருப்பது பள்ளிகளில்தான். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் ஜனவரி 19 அன்று திறந்துவிட்டன. ஒன்பதும் பதினொன்றும் வரும் எட்டாம் தேதி திறக்கின்றன. சிறு வகுப்புகளும் ஒருநாள் திறக்கும், சத்துணவுக்கூட அடுப்பும் மீண்டும் எரியும். நான் பணியாற்றிய பள்ளிகளில் மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டை ஏந்திக் குழாயடிக்கு ஓடுவார்கள். இருநூறு பிள்ளைகளுக்கு நான்கு குழாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அரை நிமிடம் என்றாலும், எல்லோரும் கழுவி முடிக்க 25 நிமிடங்கள் ஆகும். பசியோடு நிற்கும் ஆறு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் காத்திருக்காது. தட்டை அலசும் நீரிலேயே விரலையும் நனைத்துக்கொண்டு போய்விடும். பிள்ளையின் மேல் இதில் குற்றமே இல்லை. இதற்குப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். நீளமான பிவிசி குழாயில் சாணுக்கு ஒன்றாகத் துளையிட்டு, இடுப்பளவில் கிடையாகப் பொருத்தி, ஒரே ஒரு திருகை வைத்தால் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கழுவலாம். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பள்ளிகளில் இவ்வாறு கூட்டமாகக் கைகழுவும் வழக்கம் ஏற்கனவே உண்டு. சோப்பு தொலைந்துவிடும் என்றால் அதை நைலான் வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிடலாம். அதுவும் கட்டுப்படியாகாத இடத்தில், சிறிது சலவைத் தூளைத் தண்ணீரில் கலந்து, மூடியில் துளையிட்ட பழைய பாட்டிலில் வைத்தாலே போதும்.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு என் வேண்டுகோள், புதிதாக எதையும் திறந்து வைக்க வேண்டாம், சென்ற ஆண்டு வைத்த தொட்டிகளில் தண்ணீரும் சோப்பும் தீராமல் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பொறுப்பாக்குங்கள் என்பதே. உணவக உரிமையாளர்கள் கைகழுவும் தொட்டியைக் கழிப்பறைக்குப் பக்கத்திலோ பின்கட்டிலோ ஒளித்துவைக்காமல், வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் வைக்கலாம். தங்கள் நாளிதழும் தடுப்பூசிச் செய்திகளுக்கு நடுவே, எந்தப் பேருந்து நிலையத்தில், எந்தச் சந்தையில் கைகழுவும் வசதி இயங்குகிறது, எங்கே நின்றுவிட்டது என்பதை ஊர் வாரியாக வெளியிட முன்வர வேண்டும்.

எங்கள் தெருவில் உள்ள பள்ளிக்காக நானும் அண்டை வீட்டாரும் வலைப்பையில் கட்டிய சோப்புகளைத் தயார் செய்து வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை வகுப்புகள் தொடங்கும் முன் குழாய்க்கு ஒன்றாகக் கட்டிவிடுவோம். மாதத்துக்கு எத்தனை தேவைப்படும் என்று அங்கே கேட்டறிந்து, அவற்றையும் நாங்களே வாங்கித் தருவதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.
3 பிப்ரவரி 2021