‘அந்நியக் கை’யும் 20 சதவீதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு நிதி பெறும் தொண்டு நிறுவனங்களைப் பற்றிய தங்கள் கட்டுரை, உரிமம் ரத்தானவற்றோடு நின்றுவிட்டது. உரிமம் கையில் இருந்தும் முடங்கிக் கிடக்கும் சின்னச் சங்கங்களையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

உள்நாட்டு எதிர்ப்புகளின் பின்னால் வெளிநாட்டார் இருக்கிறார்கள் என்ற ‘அந்நியக் கை’ப் பேச்சு எந்த ஒரு கட்சிக்கும் தனிச் சொத்தல்ல. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 1976இல், நெருக்கடிநிலையின்போது கொண்டுவந்தது இந்திரா காந்தி அரசு. கூடங்குளம் போராட்டத்தின் பின்னால் அமெரிக்கப் பணம் பெறும் அமைப்புகள் இருப்பதாக 2012இல் சொன்னவர் மன்மோகன் சிங். 2020 திருத்தம் அந்தச் சந்தேகத்தைப் பேரேட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆயிற்று. மருத்துவமனை டாக்டர், பள்ளி ஆசிரியர் சம்பளம் இதில் சேராது. அலுவலக வாடகை, கணக்கு எழுதும் செலவு, அறிக்கை தாக்கல் செய்யும் செலவு, வக்கீல் கட்டணம் எல்லாம் சேரும். சட்டப்படி நடப்பதற்கும் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்வதற்கும் ஆகும் செலவு இந்த 20க்குள்தான் அடங்க வேண்டும். ஆண்டுக்கு 10 லட்சம் பெறும் சங்கத்துக்கு 2 லட்சம்; ஒரு கணக்கர் சம்பளத்துக்கே அது காணாது. முன்பு பெரிய அமைப்பு நிதி வாங்கி, பதிவுபெற்ற சின்னச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். திருத்தப்பட்ட பிரிவு 7 அதையும் அடைத்துவிட்டது. உரிமத்தை 180 நாள் நிறுத்திவைக்கலாம், மேலும் 180 நாள் நீட்டிக்கலாம். அந்த ஓராண்டில் களப்பணியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

பந்த், மறியல் நடத்தியதற்காகவே ஓர் அமைப்பை, வெளிநாட்டு நிதி பெறத் தடையுள்ள அரசியல் அமைப்பாகக் கருத முடியாது என 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய உரிமத்தை வைத்துக்கொண்டு யார் துணிவார்கள்? தகவல் உரிமைப் பயிற்சியை விட்டுத் தையல் பயிற்சிக்குத் தாவுவதுதான் நடக்கும்.

தேசப்பற்றுதான் காரணமென்றால் கட்சிகளுக்கும் இதே அளவுகோல் வேண்டாமா? காங்கிரசும் பாஜகவும் இச்சட்டத்தை மீறி நன்கொடை பெற்றதாக 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016, 2018 நிதிச் சட்டங்களில் அந்த நன்கொடைகள் மீறலாகாதபடி ‘வெளிநாட்டு மூலம்’ என்பதன் வரையறையே 1976 வரை முன்தேதியிட்டு மாற்றப்பட்டது!

கண்காணிப்பு வேண்டாம் என்பதல்ல. கணக்கு, தணிக்கை, வழக்குச் செலவுகளை 20 சதவீத வரம்பிலிருந்து விலக்கட்டும். பதிவுபெற்ற சங்கங்களுக்கு இடையே நிதியைப் பகிர அனுமதிக்கட்டும். முதலாவதற்கு, எவை நிர்வாகச் செலவு என்று சொல்லும் விதி 5ஐ அரசே திருத்தினால் போதும், நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை.

தணிக்கைத் துறை வாசகர்,
திருநெல்வேலி